‘ஒட்டவில்லை’ என்று நான் எழுதிய அறிக்கை

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் சிலர் போன மாதம் வீட்டுக்கு வந்தீர்கள். ‘உங்கள் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தாருங்கள் சார்’ என்றீர்கள். நான் கண்டுபிடித்தவற்றைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவை கட்டுரைகளாக இருக்கின்றன, வேண்டுமானால் படித்துக்கொள்ளலாம். எந்தக் கட்டுரையிலும் இல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். இதை எழுத உட்கார்ந்தால் இத்தனை வருடம் கழித்தும் பயம் பழையபடியே வருகிறது.

புதிய நூற்றாண்டு பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. புதுச்சேரியில் எங்கள் ஆய்வகம் அப்போது இரண்டு அறை, ஒரு நடை. கிருமிகள் மனித செல்லில் எப்படிப் போய் ஒட்டிக்கொள்கின்றன என்பதுதான் என் வேலை. குறிப்பாகச் சொன்னால், பச்சைக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஒரு வகை ஈ.கோலை. ஈ.கோலை எல்லாக் குடலிலும் இருக்கிறது. உங்கள் வயிற்றிலும் இருக்கிறது, என் வயிற்றிலும் இருக்கிறது. அது இருப்பதால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. சில வகைகள் மட்டும் குடல் சுவரைப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால்தான் ஆபத்து.

அந்தப் பிடிக்கு இரண்டு கட்டம் உண்டு. முதலில் மெல்லிய நூல்களை நீட்டி ஒன்றோடொன்று பின்னிக் கூட்டமாக வந்து செல்லின் மேல் உட்காரும். பிறகு ஒரு புரதத்தால் செல்லை இறுக்கிக் கவ்வும். கவ்வும் புரதத்துக்கான மரபணு கிருமியின் முதன்மை மரபிழையிலேயே பதிந்திருக்கிறது, எளிதில் போகாது. நூலுக்கான மரபணு அப்படியில்லை. அது பிளாஸ்மிட் என்கிற ஒரு தனி வளையத்தில் இருக்கிறது. கிருமி இரண்டாகப் பிரியும்போது சில சமயம் அந்த வளையம் ஒரு பக்கம் போகாமலே விட்டுப்போகும். வளையம் இல்லாத கிருமிக்கு நூல் இல்லை. அது கூட்டமாக வந்து ஒட்டாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். தெரிந்திருந்தும் செய்தேன் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அந்த வருடம் கோடையில் எங்கள் டீப் ஃப்ரீசர் கெட்டுப்போனது. தட்டாஞ்சாவடியில் இருந்து ஒரு மெக்கானிக் வந்து பார்த்து, கம்ப்ரசர் போய்விட்டது, புதிது வர ஒன்றரை மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். உறைய வைக்க வழியில்லாததால் கிருமிகளை வளர்ப்புத் தட்டிலேயே உயிரோடு வைத்திருந்தோம். மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாற்ற வேண்டும். அதை நானே செய்தேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. ஒவ்வொரு முறையும் தட்டில் நன்றாக வளர்ந்து, தனியாக நின்று, விளிம்பு சுத்தமாக இருக்கும் ஒரே ஒரு காலனியை, அதாவது கிருமித் திட்டை, தேடி எடுப்பேன். என் தட்டுகளைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

வேகமாக வளர்ந்தது எதுவென்று யோசியுங்கள். வளையத்தைச் சுமக்காத கிருமிக்குச் சுமை குறைவு. அது சீக்கிரம் வளரும், காலனியும் அழகாக வரும். மூன்று நாளைக்கு ஒருமுறை என் கையாலேயே நான் அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

நகரில் ஒரு பிரசவ மருத்துவமனைக்கு நாங்கள் பரிசோதனை செய்து தருவது வழக்கம். அங்கே பிறந்த குழந்தைகளுக்கான வார்டை நடத்திவந்தவர் ஒரு மூத்த சிஸ்டர். உப்பளத்தில் வீடு. சொல்தா குடும்பம். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். பேச்சில் அதிகாரம் இருக்கும், ஆனால் குரல் உயராது. மே மாதத் தொடக்கத்தில் அவர் ஒரு குழந்தையின் மலத்தை அனுப்பியிருந்தார். நான் கிருமியைப் பிரித்தெடுத்து, நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம் என்று தட்டில் வைத்து மாற்றிக்கொண்டிருந்தேன். குழந்தை தேறி வீட்டுக்குப் போய்விட்டது. அவசரம் தெரியவில்லை.

இரண்டரை வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை ஐந்து குழந்தைகளின் மாதிரி ஒன்றாக வந்தது. கூடவே சிஸ்டரின் போன்.

“அஞ்சுக்கும் ஒரே மாதிரி போவுது சார். தண்ணியா, நாத்தமில்லாம. எனக்கு இது புடிக்கல. வார்டை மூடிடலாம்னு நான் சொல்றேன், டாக்டர் உங்க ரிசல்ட்டு வரட்டும்கிறார்.”

குழந்தை மருத்துவர் சொன்னதில் தப்பில்லை. அந்த வார்டை மூடினால் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வரும் குறைமாதக் குழந்தைகளும் மஞ்சள் காமாலைக் குழந்தைகளும் வேறு எங்கோ அலைய வேண்டும். அலைகிற வழியில் குழந்தைக்கு என்ன வேண்டுமானாலும் ஆகலாம். காரணம் இல்லாமல் மூட முடியாது. காரணம் உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டியவன் நான்.

புதிய மாதிரிகளிலிருந்து கிருமியைப் பிரித்துத் தயார் செய்ய இன்னும் இரண்டு மூன்று நாள் ஆகும். முதல் குழந்தையின் கிருமியோ என் கையில் சுத்தமாக, தயாராக இருந்தது. ஒரே வார்டு, ஒரே நோய், ஒரே கிருமியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு சரிதான். அதை எடுத்தேன். வளர்ப்பு செல்களின் மேல் விட்டு, மூன்று மணி நேரம் வைத்து, கழுவி, சாயமிட்டுப் பார்த்தேன். செல்கள் வெறுமையாக இருந்தன. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கிருமிகள், அவ்வளவுதான். மரபணுச் சோதனையில் கவ்வும் மரபணு இருந்தது, நூல் மரபணு இல்லை.

அப்போது என்னோடு வேலை பார்த்தவர் செல்வி. பட்டம் முடித்துவிட்டுத் தொழில்நுட்பராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மரபணுச் சோதனையின் படத்தைப் பார்த்துவிட்டு, “ஒண்ணு இருக்கே சார், இன்னொண்ணு எங்க போச்சு?” என்றார்.

சரியான கேள்வி. ‘எங்க போச்சு’ என்று அவர் கேட்டார். முதலிலிருந்தே இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். “சில வகையில அது இருக்காதும்மா” என்று சொல்லி, புதன்கிழமை மாலை அறிக்கை எழுதினேன். ‘செல்லில் கூட்டமாக ஒட்டவில்லை. கொள்ளைநோய் உண்டாக்கும் வகையாகத் தெரியவில்லை.’ கையெழுத்துப் போட்டேன். எந்த மாதிரியைச் சோதித்தேன், அது எத்தனை முறை தட்டு மாறியது என்று எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. வார்டு திறந்தே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை நான் வந்தபோது செல்வி மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். திங்கட்கிழமை வந்த ஐந்து மாதிரிகளிலிருந்தும் கிருமியைப் பிரித்து, நான் சொல்லாமலே, மீதி இருந்த செல்களில் விட்டுப் பார்த்திருக்கிறார். “பாருங்க சார்” என்றார்.

பார்த்தேன். முதல் ஸ்லைடில் ஒவ்வொரு செல்லின் மேலும் கொத்துக் கொத்தாகக் கருநீலக் கூட்டங்கள். நடுவில் வெறும் இடம், மறுபடி ஒரு கூட்டம். இரண்டாவது ஸ்லைடும் அப்படி. ஐந்தும் அப்படி. என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவான ஒட்டுதலை நான் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட படத்துக்காகத்தான் எத்தனையோ மாதம் காத்திருப்போம். அன்று கண்ணை எடுக்க முடியவில்லை. எடுத்தால் செல்வியின் முகத்தைப் பார்க்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று பத்து.

நான் புரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். இது கொள்ளைநோய் வகைதான். முதல் குழந்தையின் கிருமியும் இதுதான். என் தட்டுகளில் அது நூலை இழந்திருக்கிறது. அதை இழக்க வைத்தது நான். என் அறிக்கையை நம்பி அந்த வார்டு மூன்றாவது நாளாகத் திறந்திருக்கிறது. இவ்வளவும் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தொலைபேசி என் இடது கைப்பக்கம் இருந்தது.

“இன்னொரு தடவ போட்டுப் பாத்துடுவோம்” என்றேன்.

“அஞ்சும் ஒரே மாதிரி இருக்கே சார்” என்றார் செல்வி. பிறகு, “வார்டுக்கு ஒரு போன் போட்டுடலாமா, முடிவு அப்புறம் வரும்னு சொல்லிட்டு?” என்று கேட்டார்.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர், ஒரு முறை கண்டதை வெளியே சொல்லாதே, இரண்டாம் முறை கண்டதை எழுது என்பார். அதையே செல்வியிடம் சொன்னேன். சொல்லும்போது என் குரல் நிதானமாக இருந்ததும் ஞாபகம் இருக்கிறது. என் ஆசிரியர் சொன்னது ஆராய்ச்சிக் கட்டுரைக்கு. குழந்தை படுத்திருக்கும் வார்டுக்கு அல்ல. அவர் உயிரோடு இருந்து அங்கே நின்றிருந்தால் என் கையைத் தட்டிவிட்டுத் தானே போனை எடுத்திருப்பார்.

மறுபடி செய்ய வேண்டுமானால் புதிதாகச் செல் வளர வேண்டும். அன்று மாலை விதைத்தால் மறுநாள் காலைதான் பயன்படும். முடிவு மதியம். அதாவது ஒரு முழு நாள். அந்த ஒரு நாளை நான் விரும்பினேன். அதற்குள் என்ன மாறிவிடும் என்று நினைத்தேனோ தெரியாது. ஒருவேளை ஸ்லைடுகள் வெறுமையாக வரும், ஒருவேளை அந்த ஐந்து குழந்தைகளும் தேறிவிடும், ஒருவேளை சிஸ்டர் தானாகவே வார்டை மூடிவிடுவார். புதன்கிழமை நான் போட்ட கையெழுத்தை நானே அடிக்க வேண்டிய நிலை வராமல் எதுவாவது நடக்கட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

அன்று பகல் முழுவதும் போன் மணி அடிக்கும்போதெல்லாம் நடைக்குப் போய் நின்றேன். செல்வி எடுத்துப் பேசினார். ஒருமுறைகூட அது அந்த வார்டு இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கையைக் கழுவினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கழுவினேன். கிருமி என் கையில் இல்லை, எனக்கே தெரியும். ‘என்ன, இன்னைக்கு எதையாவது கொட்டிக்கிட்டீங்களா?’ என்று என் மனைவி கேட்டாள். இல்லை என்றேன். அவளிடம் சொல்லியிருந்தால் அவள் என்னைப் போன் செய்ய வைத்திருப்பாள். அதனால்தான் சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியம் புதிய ஸ்லைடுகள் தயாராயின. பார்க்க வேண்டியதே இல்லை. பார்த்தேன், அதேதான். பன்னிரண்டரைக்குச் சிஸ்டருக்குப் போன் செய்தேன். கொள்ளைநோய் வகை, புதன்கிழமை அறிக்கையை ரத்து செய்யுங்கள், புதிதாக யாரையும் சேர்க்காதீர்கள், எல்லாக் குழந்தைகளையும் தனித்தனியாகப் பிரியுங்கள் என்றேன்.  நான் முடித்ததும் அவர் சொன்னார்.

“நேத்தே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். நேத்து நாலு மணிக்கு ஒரு குழந்தைய வார்டுல சேத்தோம் சார். சேதராப்பட்டுப் பக்கம். வேற ஒண்ணுமில்ல, மஞ்சள் காமாலை மட்டும்தான்.”

“இன்னைக்குத்தான் தெரிஞ்சது” என்றேன்.

செல்வி இரண்டடி தள்ளி நின்று சாயப் புட்டிகளை மூடிக்கொண்டிருந்தார். அவர் கை ஒரு நொடி நின்றது. பிறகு மூடியைத் திருகினார். அவர் என்னிடம் இதைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, அவர் வேலையை விட்டுப் போன நாள் வரையிலும் கேட்கவில்லை. எங்கள் பதிவேட்டில் மட்டும் அவர் கையெழுத்தில் ‘வெள்ளி, காலை 11.10, ஐந்திலும் கூட்டமாக ஒட்டுகிறது’ என்று இருந்தது. பிறகு இந்த நோய்ப் பரவலை விசாரித்த குழு அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

அந்தக் குழந்தை பெண். பிறந்து ஆறு நாள். நீல விளக்கின் கீழே படுக்க வைத்திருந்தார்கள். அந்த நிலையில் தாய் மடியில் போட்டு ஊட்ட முடியாது. பாலைப் பீய்ச்சிச் சங்கில் புகட்டுவார்கள். திங்கட்கிழமை அதற்கும் வயிற்றால் போக ஆரம்பித்தது. சேரும்போது நல்ல குழந்தை. நரம்பு கிடைக்காமல் தலையில் ஊசி போட்டு மருந்து நீர் ஏற்றினார்கள். நான் தினமும் காலையிலும் மாலையிலும் போன் செய்து, மற்ற குழந்தைகளையும் விசாரிப்பதுபோல அதையும் விசாரித்தேன். மற்ற ஐந்தும் தேறிக்கொண்டிருந்தன. புதன்கிழமை காலை நான் வழக்கம்போலக் கேட்டபோது சிஸ்டர், “அது இல்ல சார்” என்றார். 

இதுவரை நடந்ததில் உங்கள் தொழிலுக்கான பாடம் ஒன்றுதான். இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. தட்டு மாற்றினால் மரபணு போகும் என்பது புத்தகத்தில் இருக்கிறது, நீங்கள் அதைத் தவிர்த்துவிடுவீர்கள். அது தப்பு, எவரும் செய்யக்கூடிய தப்பு. வெள்ளிக்கிழமை நான் செய்தது அப்படிப்பட்ட தப்பு இல்லை, தெரிந்தே செய்தது. மறுபடி சோதிப்பது நம் தொழிலில் மிக மரியாதையான செயல். அதற்குப் பின்னால் ஒருவன் ஒளிந்துகொண்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ‘இன்னொரு தடவை பார்க்கலாம்’ என்று உங்கள் வாயில் வரும்போது, முடிவு மாறும் என்று நினைத்துச் சொல்கிறீர்களா, போன் செய்யப் பயந்து சொல்கிறீர்களா என்று பாருங்கள். போன் செய்துவிட்டு மறுபடி சோதிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. செல்வி அதைத்தான் சொன்னார்.

வார்டைப் பிரித்துத் தேடியபோது இடம் கிடைத்தது. சங்குகளைத் தாய்மார்கள் வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள். ஆனால் ஊட்டி முடித்ததும் எல்லாச் சங்கையும் ஒரே பிளாஸ்டிக் பேசினில் போட்டு அலசி எடுப்பது அங்கே வழக்கம். அந்த பேசினின் அடிப்பக்கத்திலிருந்து துடைத்து எடுத்ததில் நம் கிருமி வந்தது. இரண்டு மரபணுவும் இருந்தன. செல்வி குளிர்ப்பெட்டியின் பின்பக்கத்தில் முதல் குழந்தையின் கிருமி இருந்த மிகப் பழைய குழாய் ஒன்றைக் கண்டெடுத்துச் சோதித்தார். அதிலும் இரண்டும் இருந்தன. நான் மாற்றிய தட்டுகளையும் வரிசையாகச் சோதித்தார். மூன்றாவது தட்டிலிருந்து நூல் மரபணு இல்லை.

மருத்துவமனையிலிருந்து எங்களுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்காக.

பிறகு ஒருநாள் குழந்தையின் அப்பா ஆய்வகத்துக்கு வந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனியில் வேலை, ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தார். சட்டையில் கம்பெனிப் பெயர். மருத்துவமனையில் யாரோ கிருமியைக் கண்டுபிடித்தது நாங்கள்தான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன் சார். சனிக்கெழம வெந்நி தீந்துபோச்சுன்னு என் சம்சாரம் சங்க பைப்புத் தண்ணியில கழுவிட்டுது. ஒரே ஒரு தடவ. அதனாலதான் ஆச்சுன்னு அம்மா சொல்றாங்க. அதுவும் அதையே நெனச்சிட்டு இருக்குது. அதனாலயா சார்?”

இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரு சொல் போதும். அப்படிச் சொன்னால் அடுத்தது என்ன கேட்பார் என்று எனக்குத் தெரிந்தது. அப்படின்னா எப்படி வந்தது, எப்போது தெரியும், ஏன் சேர்த்தார்கள். அந்தக் கேள்விகள் அவர் வாயில் வருவதற்கு முன்பே எனக்குக் கேட்டன.

“இதெல்லாம் பல வழியில வரும்ப்பா. இதான்னு சொல்ல முடியாது” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நன்றி சொன்னார். படியிறங்கிப் போகும்போது சன்னலிலிருந்து பார்த்தேன். சைக்கிள் பூட்டைத் திறக்க வெகு நேரம் ஆனது அவருக்கு.

வெள்ளிக்கிழமை போன் செய்யாததைவிட இதைத்தான் நான் பெரியதாக நினைக்கிறேன். அன்று எனக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. அவர் வந்து கேட்டபோதோ எல்லாம் நடந்து முடிந்திருந்தது. உண்மையைச் சொன்னால் ஒரு பெண் நிம்மதியாகத் தூங்குவாள் என்பது தெரிந்தே வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று வாரம் போயிருக்கும். வேறு ஏதோ காரியமாகச் சிஸ்டர் போன் செய்தார். பேச்சு முடியும் சமயத்தில், அந்தக் குழந்தையின் அம்மா பிரசவத் தையல் போட்ட இடத்தைக் காட்ட வந்திருந்ததாகச் சொன்னார். இரண்டு கையும் மணிக்கட்டு வரை வெந்ததுபோல இருந்ததாம். கேட்டால் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுகிறதாம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று அதற்கே கணக்கு இல்லையாம். வீட்டில் நாத்தனாரின் கைக்குழந்தையைத் தொட மாமியார் விடுவதில்லையாம். இதையும் சொன்னார்: “நான் சொல்லிப் பாத்தேன் சார், உன் கை இல்லன்னு. லேபு சாரே தெரியலன்னுட்டாராமே, உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்குது.”

மறுநாள் காலை ஆய்வகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் இறங்கித் திரும்பிவிடலாம் என்றே தோன்றிக்கொண்டிருந்தது. சேதராப்பட்டில் வாளிக் கம்பெனி பேரைச் சொல்லி, குழந்தை தவறின வீடு என்று கேட்டேன். ஒரு பெட்டிக்கடைக்காரர் கைகாட்டினார்.

அந்தப் பெண் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சிஸ்டர் சொன்னது குறைவு. விரல் இடுக்குகளில் தோல் உரிந்து சிவந்திருந்தது. யார் என்று சொன்னேன். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கிறார் என்றாள். உங்களிடம்தான் வந்தேன் என்றேன். ஈரத் துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கிருமி நீங்கள் வருவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே அந்த வார்டில் இருந்தது, எல்லாச் சங்கையும் அலசிய பேசினில் இருந்தது, அதை எடுத்துச் சோதித்துவிட்டோம், நீங்கள் பைப்புத் தண்ணீரில் கழுவியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னேன்.

 “அப்ப என் கையிலருந்து போகலயா?”

“இல்லம்மா.”

“நெசமாத்தான் சொல்றீங்களா?”

“சோதிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.”

அழுவாள் என்று நினைத்தேன். அவள் துணியைக் கொடியில் போட்டுவிட்டு, “இருங்க சார். இத எங்க அத்தகிட்டயும் சொல்லிட்டுப் போங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க” என்று பின்பக்கம் போனாள்.

மாமியார் வந்தார். ஐம்பது வயது இருக்கும், கையில் மாட்டுத் தீவன வாசனை. நான் சொன்னதையே மறுபடி சொன்னேன்.   முடித்ததும் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

“மூணு வாரமா அங்க இருந்துச்சு. அப்புறம் ஏன் எங்க புள்ளைய அங்க படுக்க வச்சாங்க? அப்ப யாருக்கும் தெரியாதா?”

பஸ்ஸில் வரும்போது இதற்கு ஒரு பதில் தயார் செய்திருந்தேன். பரிசோதனைக்கு நேரம் பிடிக்கும், அதனால் தாமதமாயிற்று என்பதுபோல. ஒரு பொய்யும் இல்லாத வாக்கியம். வாயைத் திறந்தேன். மருமகள் அந்தக் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியும்மா” என்றேன். “நீங்க சாயங்காலம் கொண்டுவந்து சேத்தீங்க. அன்னைக்குக் காலையிலயே நான் பாத்துட்டேன். போன் பண்ணியிருந்தா உங்கள அங்க சேத்திருக்க மாட்டாங்க. நான் பண்ணல. மொதல்ல தப்பா எழுதிக் குடுத்திருந்தேன், அது வெளிய தெரிஞ்சிடும்னு பயம்.”

 மாமியார் என் பக்கம் ஓரடி வந்தார்.

“யாருக்கு பயந்த?” என்று கேட்டார்.

மரியாதை போயிருந்தது, அது நியாயம்தான். ஆனால் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அடிக்கிறவன் யாராவது இருந்தானா, வேலையிலிருந்து எடுத்துவிடுவார்களா, ஊரைவிட்டு விரட்டுவார்களா என்று கேட்பதுபோல. நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு ஆள்கூட ஞாபகத்துக்கு வரவில்லை.

 அவர் என்னை விட்டுவிட்டார். மருமகளின் பக்கம் திரும்பி, முந்தானைக்குள்ளிருந்து அவள் கையை வெளியே இழுத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதை அவர் அப்போதுதான் முதல்முறை பார்க்கிறார் என்று தோன்றியது.

“உள்ள வா. தேங்கா எண்ண வச்சு விடறேன்” என்று சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே தூளியில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. “நீயே எடு” என்று மாமியார் சொல்வது வாசல்வரை கேட்டது.